நூறம்மாவின் ஆள்காட்டி விரல்

நூறம்மாவின் இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது என்று தெரிந்ததும் ஆய்வகத்தின் இயக்குநர் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டார். அவருடைய நல்ல மனசைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. போன் அவள் கைக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆள்காட்டி விரல் கட்டுக்கு வெளியே இருக்கா, உள்ளே போயிடுச்சா?" என்பதுதான்.

"வெளியேதான் சார் இருக்கு."

"அப்பாடா."

வலிக்கிறதா என்பது இரண்டாவது கேள்வியாக வரும் என்று நூறம்மா காத்திருந்தாள். அவர் அடுத்த வாரம் வரப்போகிற மதிப்பீட்டுக் குழுவைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், முக்கியமாக விரலை. பிறகு வைத்துவிட்டார்.

அந்த விரலுக்கு ஏன் இத்தனை மவுசு என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இயக்குநரை ஈவிரக்கம் இல்லாதவர் என்று நினைத்துவிடுவீர்கள். அவர் அப்படிப்பட்டவர்தான், ஆனால் அதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

ஆய்வகத்தில் ஒரு பெட்டி உண்டு. பெட்டியின் முகப்பில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம். அதில் விரலை வைத்து நாற்பது நொடி ஆடாமல் அசையாமல் இருந்தால் போதும். ஊசி கிடையாது, எக்ஸ்ரே கிடையாது, சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. சிவப்பு லேசர் ஒளி தோலுக்குள் புகுந்து எலும்பு வரைக்கும் போய்த் திரும்பி வரும். கடைக்குப் போன லட்சம் பேரில் ஒருத்தர் மட்டும் வேறு சட்டையோடு திரும்பி வருகிற மாதிரி, அந்த ஒளியில் துளியூண்டு மட்டும் நிறம் மாறித் திரும்பும். எந்த நிறம் எவ்வளவு என்று பார்த்து, எலும்பில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று பெட்டி கணக்குப் போட்டு ஒரே ஒரு எண்ணைக் காட்டும். நூறு என்றால் நல்ல எலும்பு. குறையக் குறையக் கவலை.

நூறு என்றால் எதைப் பார்த்து நூறு? அங்கேதான் விரல் வருகிறது. ஆரம்பத்தில் ஒரு மாட்டுத் தொடை எலும்புத் துண்டைப் பிசினில் பதித்து வைத்திருந்தார்கள். தினமும் காலையில் அதைப் பெட்டிக்குள் வைத்து, 'இதுதான் நூறு' என்று பெட்டிக்குச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். வந்துபோகிற விருந்தாளிகள் அந்தப் பழுப்பு எலும்பைப் பார்த்து முகம் சுளித்தார்கள். இயக்குநருக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் அளவெடுப்பவளின் விரலை வைத்துப் பார்த்தார்கள். அதுவும் அச்சு அசலாக நூறு காட்டியது. அவ்வளவுதான், எலும்பு டிராயருக்குப் போனது, விரல் பதவிக்கு வந்தது. 'உயிருள்ள அளவுகோல்' என்று இயக்குநர் அதற்குப் பெயர் சூட்டி இரண்டு கட்டுரை எழுதிவிட்டார். அளவெடுப்பவளுக்கு நூறம்மா என்ற பெயர் வந்தது, சம்பளத்தில் எதுவும் வரவில்லை. மூன்று வருஷமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு அவள் விரலை வைப்பாள், பெட்டி நூறு என்று சொல்லும், ஆய்வகம் விடியும்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். கட்டுப் போட்ட டாக்டர் சின்ன வயசுக்காரர், வாயில் தேன் தடவிப் பேசத் தெரியாதவர். "துடைச்ச தரையில வழுக்கி உக்காந்ததுக்கெல்லாம் மணிக்கட்டு இப்படி நொறுங்காதும்மா. ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டேன். உங்க எலும்பு ரொம்ப இளைச்சுப்போயிருக்கு. உடனே மாத்திரை ஆரம்பிக்கணும்," என்றார்.

நூறம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. உலகத்திலேயே நல்ல எலும்பு என்று பெயர் வாங்கியவளிடம் போய் இதைச் சொல்கிறாரே. துணைக்கு வந்திருந்த அவளுடைய அக்காவும் சிரித்தாள். "டாக்டர், இவ யாருன்னு தெரியாம பேசறீங்க. இவ விரலை வெச்சுத்தான் ஊரையே அளக்கறாங்க. உங்க மெஷினை முதல்ல ரிப்பேருக்குக் குடுங்க."

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது, தங்கையைவிட ஆறு வயது மூத்தவள். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் அக்கா இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு எட்டு மாசம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். குளிக்க வைத்ததிலிருந்து கோலைக் கொடுத்து நடக்க வைத்தது வரைக்கும் எல்லாம் நூறம்மாதான். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று அப்போதே டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் சாயாமல் கொள்ளாமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் நெஞ்சு எரியும். அக்கா மூக்கால் அழுதுகொண்டே விழுங்கி வந்தாள்.

ஆட்டோவில் திரும்பும்போது அக்கா சாவகாசமாகச் சொன்னாள். "நான் மாத்திரையை நிறுத்திட்டேன்டி. மூணு வாரம் ஆச்சு."

நூறம்மாவுக்கு மணிக்கட்டு வலி மறந்தே போனது. "யாரைக் கேட்டு நிறுத்தின?"

"உங்க பெட்டியைக் கேட்டுத்தான். ஆரம்பத்துல தொண்ணூத்தி நாலு இருந்தேன், இப்ப நூத்தி ஒம்போது. ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கேனே பார்க்கலையா? இனிமே எதுக்கு நெஞ்செரிச்சல்?"

அது உண்மைதான். ஆய்வகம் எலும்புக்காக ஓர் உடற்பயிற்சியை வகுத்துத் தந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று வருஷமாக இருநூறு பேர் அதைச் செய்து வந்தார்கள். அத்தனை பேருக்கும் எண் ஏறிக்கொண்டே வந்தது. இயக்குநர் பூரித்துப்போய் எல்லோருக்கும் பூப்போட்ட வாழ்த்துச் சான்றிதழ் அனுப்பியிருந்தார், தன் கையெழுத்தோடு. அக்கா அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள்.

அந்த ஆட்டோவில் நூறம்மா இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தன்னுடைய நூறு உடைந்து கழுத்துத் தூளியில் தொங்குகிறது. அக்காவின் நூற்றொன்பது மாத்திரை வேண்டாம் என்கிறது. இரண்டையும் சொன்னது ஒரே பெட்டி.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கட்டிலிருந்து எட்டிப் பார்த்த விரலைப் பள்ளத்தில் வைத்தாள். பெட்டி நூறு என்றது. இயக்குநர் கை தட்டினார். "பார்த்தியா, உடைஞ்சும் நூறு. இதைப் பேச்சுல சேர்த்துக்கணும்."

அவர் நகர்ந்ததும் நூறம்மா பெட்டியின் கணக்குப் பார்க்கிற பையனிடம் போனாள். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனாலும் அங்கே அவன் பையன்தான். தசமப் புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம் இல்லாமல் எதையும் சொல்ல மாட்டான் என்பதால் எல்லோரும் அவனைப் புள்ளி என்று கூப்பிட்டார்கள்.

"புள்ளி, ஒண்ணு கேக்கறேன். காலையில என் விரலுக்குப் பதிலா பென்சிலை வெச்சா பெட்டி என்ன காட்டும்?"

"நூறு."

"ஒரு கேரட்டை வெச்சா?"

"அதுவும் நூறுதான். காலையில வெக்கறது எதுவோ அதுதான் நூறுன்னு நாமதானே அதுக்குச் சொல்றோம்."

"அப்ப மூணு வருஷமா அது என்னை அளக்கவே இல்லை?"

 பெட்டி தினமும் காலையில் தன்னை எவ்வளவு திருத்திக்கொள்கிறது என்பது ஒரு தனிக் கோப்பில் பதிவாகும். அதைப் புள்ளி திறந்து காட்டினான். எழுநூற்றுச் சொச்சம் காலைகள், எழுநூற்றுச் சொச்சம் புள்ளிகள். படிக்கட்டில் உருட்டிவிட்ட மாதிரி கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. ஓரத்தில் மாசாமாசம் அவனே குறிப்பு எழுதியிருந்தான். 'லேசருக்கு வயதாகிறது.' அடுத்த மாசம், 'லேசருக்கு மேலும் வயதாகிறது.' போன மாசம், 'புது லேசர் வாங்கப் பரிந்துரைக்கிறேன்.'

"வயசாகறது லேசருக்கு இல்லடா," என்றாள் நூறம்மா.

சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது டிராயரைக் கிளறினார்கள். பழைய ஸ்டேப்ளர், காய்ந்துபோன பேனாக்கள், யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை, இவற்றுக்கு அடியில் மாட்டு எலும்பு பிசினுக்குள் பத்திரமாக இருந்தது. துடைத்துப் பள்ளத்தில் வைத்தார்கள். நாற்பது நொடி. நூற்றுப்பத்தொன்பது.

மூன்று வருஷத்துக்கு முன் நூறு காட்டிய எலும்பு. மாடு செத்து எத்தனையோ காலம் ஆகிறது, அது எந்தச் சுவரையும் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கவில்லை, ஆனாலும் டிராயருக்குள் கிடந்தபடியே பத்தொன்பது ஏறியிருக்கிறது. புள்ளி காகிதத்தில் வகுத்துப் பார்த்தான். எலும்பு நூறு என்றால் நூறம்மா எண்பத்து நான்கு. "எண்பத்தி நாலு புள்ளி பூஜ்யம் மூணு மூணு ஆறு," என்றான் மெதுவாக. முதல் தடவையாக அவன் குரலில் அந்த இலக்கங்களுக்காக ஒரு வெட்கம் இருந்தது.

அளவுகோல் தேய்ந்துகொண்டே வந்தால் அளக்கப்படுகிறவர்கள் எல்லோரும் வளர்ந்துகொண்டே போவார்கள். இதைக் கண்டுபிடிக்க லேசர் தேவையில்லை. ஆனால் அங்கே எட்டுப் பேர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள்.

நூறம்மா எலும்போடு இயக்குநரின் அறைக்குப் போனாள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார், கேட்கக் கேட்க முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது, பிறகு பூசி மெழுகத் தொடங்கினார். "காஞ்சுபோன எலும்பும்மா இது. ஈரம் போனா எண் ஏறும். உயிருள்ள எலும்பை இதோட ஒப்பிட முடியுமா?"

"பிசினுக்குள்ள இருக்கு சார், ஈரம் எந்த வழியா போகும்? ஆஸ்பத்திரி ஸ்கேனும் அதையேதான் சொல்லுது. என்னை விடுங்க சார். என் அக்கா மாத்திரையை நிறுத்திட்டா. இன்னும் எத்தனை பேர் நிறுத்தினாங்களோ. சான்றிதழ் தப்புன்னு ஒரு வரி எழுதி எல்லாருக்கும் அனுப்பிடுங்க."

"அனுப்பலாம், அனுப்பலாம். குழு வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் எதையும் நோண்டாதே. அந்த எலும்பை எடுத்த இடத்துல வெச்சிடு."

அவள் எடுத்த இடத்தில் வைக்கவில்லை, கைப்பையில் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அக்காவிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அக்கா ஒரே பிடியாக நின்றாள்.

"சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டது யாரு?"

"டைரக்டர்."

"அவர் சொல்லட்டும், சாப்பிடறேன். உனக்குக் கை உடைஞ்ச கடுப்பு. நான் நூத்தி ஒம்போதுன்னதும் உனக்குப் பொறுக்கல."

"உன்மேல பொறாமைப்பட எனக்கு வேற வேலை இல்ல பாரு."

அக்கா பரண்மேல் கிடந்த டப்பாவை எடுக்க ஸ்டூல் மேல் காலை வைத்தாள். நூறம்மா ஓடிப்போய் ஒற்றைக் கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் அவள் அந்த வீட்டில் ஈரத் தரையையும் மிதியடியையும் ஸ்டூலையும் பார்த்துப் பார்த்தே அரை ஆளானாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் போதும், கதவைத் தட்டினாள். "உயிரோடதான் இருக்கேன்டி," என்று உள்ளிருந்து அக்கா கத்தினாள்.

மதிப்பீட்டுக் குழு வந்த நாளில் ஆய்வகம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. வயர்களை எல்லாம் மேஜைக்கடியில் தள்ளித் துணி போட்டு மூடியிருந்தார்கள். தரை பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது, போன முறை யாரை வழுக்கிவிட்டதோ அதே பளபளப்பு. குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் தலையாட்டுவதற்காகவே வந்தவர்கள். தலைவியோ முப்பது வருஷம் எலும்பு ஆபரேஷன் செய்து ஓய்வு பெற்ற டாக்டரம்மா. முன் வரிசையில், 'சாதனைப் பங்கேற்பாளர்' என்ற அட்டையைக் குத்திக்கொண்டு, புதுச் சேலையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். இயக்குநரே போன் போட்டு அழைத்திருந்தார்.

இயக்குநர் பேசினார். உலகத்துக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்பதுதான் சாராம்சம். பிறகு, "இதோ எங்கள் உயிருள்ள அளவுகோல்," என்று நூறம்மாவைக் காட்டினார். அவள் விரலை வைத்தாள். நூறு. கைதட்டல். அடுத்து அக்கா எழுந்து வந்து விரலை வைத்தாள். நூற்றொன்பது. இன்னும் பெரிய கைதட்டல். அக்கா தங்கையை ஒரு பார்வை பார்த்தாள்.

டாக்டரம்மா கை தட்டவில்லை. "கையில என்ன கட்டு?" என்று நூறம்மாவிடம் கேட்டார்.

"மணிக்கட்டு உடைஞ்சிடுச்சு டாக்டர்."

"எங்கிருந்து விழுந்தீங்க?"

"எங்கிருந்தும் இல்ல. நின்ன இடத்துல வழுக்கி உக்காந்தேன்."

"நூறு காட்டற எலும்பு அதுக்கே உடைஞ்சிடுச்சா?"

"சின்ன விபத்து," என்று இயக்குநர் இடையில் புகுந்தார். "நாம அடுத்த படத்துக்குப் போகலாம்."

 வேலை போனால் போகட்டும் என்று வீர வசனம் எல்லாம் நூறம்மாவின் மனசில் ஓடவில்லை. வேலை போய்விடுமே என்றுதான் ஓடியது. ஆனால் எதிரே அக்கா, அட்டையைக் குத்திக்கொண்டு, இந்த வழுக்குத் தரையில் புதுச் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். நூறம்மா கைப்பையைத் திறந்து எலும்பை எடுத்தாள்.

"டாக்டர், இதையும் ஒரு தடவை அளந்து பார்த்துடலாம்."

"அதெல்லாம் நிகழ்ச்சியில இல்லம்மா," என்றார் இயக்குநர்.

"வெக்கட்டும்," என்றார் டாக்டரம்மா.

நாற்பது நொடி. அந்த அறையில் அதைவிட நீளமான நாற்பது நொடி அதற்கு முன் ஓடியதில்லை. நூற்றுப்பத்தொன்பது.

"யாரோடது இது?"

"ஒரு மாட்டோடது. மூணு வருஷத்துக்கு முன்னாடி இதுவும் நூறுதான் காட்டுச்சு. அப்புறம் டிராயர்லயே இருந்தது."

டாக்டரம்மா எலும்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உடற்பயிற்சி செஞ்சிருக்குமோ?" என்றார் இயக்குநரைப் பார்த்து. தலையாட்ட வந்த இரண்டு பேரில் ஒருத்தருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது.

"எலும்பை நூறுன்னு வெச்சு மறுபடி அளங்க," என்றார் டாக்டரம்மா. புள்ளி யார் முகத்தையும் பார்க்காமல் பெட்டியை மாற்றி அமைத்தான். நூறம்மா விரலை வைத்தாள். எண்பத்து நான்கு. பிறகு அக்கா. அவள் விரல் இந்தத் தடவை கொஞ்சம் தயங்கியது. தொண்ணூற்றிரண்டு.

"அப்படின்னா?" என்று அக்கா கேட்டாள். தங்கையைக் கேட்கவில்லை, இயக்குநரைக் கேட்டாள். "சார், நீங்க சொல்லுங்க. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க. நான் தேறியிருக்கேனா இல்லையா?"

இயக்குநர் கூரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வேறு போக்கிடம் இல்லாமல் அக்காவைப் பார்த்தார். "இல்லம்மா," என்றார். "தொண்ணூத்தி நாலுல இருந்து ரெண்டு குறைஞ்சிருக்கு."

அக்கா மாத்திரையை நிறுத்திய கதையை நூறம்மா சொன்னதும், "ரெண்டோட நின்னதே அவங்க மாத்திரையாலதான்," என்றார் டாக்டரம்மா. "மாத்திரை இல்லாம விட்டா என்ன ஆகும்னு பக்கத்துலயே கட்டுப் போட்டு நிக்கறாங்க பாருங்க."

இயக்குநர் அதோடு ஓய்ந்துவிட்டார் என்று நினைத்தால் அவரை உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. புள்ளியின் கோப்பு திரையில் வந்து, அந்த இறங்குகோட்டை டாக்டரம்மா ஆர்வமாகப் பார்ப்பதைக் கண்டதும் அவருக்கு உயிர் திரும்பியது. ஒரே மனுஷியின் எலும்பு தினம் தினம் எப்படித் தேய்கிறது என்பதை, தோலைக் கீறாமல், வெறும் ஒளியால், மூன்று வருஷம் இவ்வளவு துல்லியமாக வேறு யார் அளந்திருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்று டாக்டரம்மாவும் ஒப்புக்கொண்டார். பெட்டி அருமையாகத்தான் வேலை செய்திருக்கிறது. அது சரியாக அளந்த ஒரே ஆள் நூறம்மாதான், அதை அவளிடம் சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலத்துக்குள் புதுக் கட்டுரைக்குத் தலைப்பு தயாராகிவிட்டது. கூடவே இருநூறு பேருக்கும் திருத்தக் கடிதம் போனது, டாக்டரம்மா நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்து அனுப்ப வைத்தார். நூறம்மாவின் வேலையும் போகவில்லை. கட்டுரைக்கு அவள் விரல் இன்னும் தேவைப்பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவும் தங்கையும் சமையலறையில் முதுகு சாயாத இரண்டு நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு மாத்திரை, ஆளுக்கு ஒரு முழு டம்ளர் தண்ணீர். ஃப்ரிட்ஜில் சான்றிதழ் அப்படியே இருந்தது. நூற்றொன்பதைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் தொண்ணூற்றிரண்டு என்று அக்கா எழுதியிருந்தாள். அதற்கும் கீழே, தங்கைக்கென்று, எண்பத்து நான்கு.

மாத்திரையை விழுங்கிப் பத்து நிமிஷம் ஆனது. பிறகு அக்கா கேட்டாள். "மூணு வருஷமா தினமும் உன் விரலைப் பிடிச்சு வெச்சாங்களே. உன் எலும்பு எப்படி இருக்குன்னு ஒருத்தருக்குக்கூடப் பார்க்கத் தோணலையா?"

"இல்லக்கா. என்னைச் சரின்னு வெச்சுட்டுத்தான் அவங்க மத்தவங்களையே பார்க்க ஆரம்பிச்சாங்க."

அக்கா காலி டம்ளரைக் கீழே வைத்தாள். "நானும்தான்டி," என்றாள். "படுத்துக் கிடந்த எட்டு மாசமும் நீ தூக்கித் தூக்கி உக்கார வெச்சியே. உனக்கு வலிக்குமான்னு நான் ஒரு தடவை கேட்டேனா?"

 நூறம்மா கண்ணைத் துடைக்கக் குனிந்தாள்.

"சாயாதே," என்றாள் அக்கா. "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."